லீவின் எந்தப் பாதியில் கடலுக்குப் போறது?

கேள்வி. ஓகஸ்ட் 1, பின்னேரம் 5.20

கிளிநொச்சியில் ஓ.எல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடம் முடிய ரியூசன் வகுப்பும் இருக்கு. இந்த முறை லீவு பத்து நாள். முல்லைத்தீவுப் பக்கம் குடும்பத்தோடு மூன்று நாள் நிற்க யோசனை. கடைசி மூன்று நாளில் போய், ஞாயிறு இரவு வீடு வந்து, திங்கள் விடிய அதே தென்போடு வகுப்புக்குள் நுழையிறதுதான் நல்லது என்று நினைக்கிறேன். முதலிலேயே போனால் திங்கள் வரும்போது எல்லாம் கரைந்துபோயிடும். சரிதானே?

ஓகஸ்ட் 1, இரவு 8.45

சரியில்லை, சேர். கடைசி மூன்று நாள்தான் போகக்கூடாத மூன்று நாள்.

உடம்பிலிருந்து தொடங்குவம். வெயில் பட்ட தோல் அன்றைக்கே முழுக்க எரியாது. 12 தொடக்கம் 24 மணித்தியாலத்தில்தான் எரிவு உச்சத்துக்கு வரும். மூன்றாம் நான்காம் நாளில் உரியத் தொடங்கும். ஞாயிறு பின்னேரம் வரை கடற்கரையில் நின்றவருக்கு அந்த உச்சம் திங்கள் முதலாம் பாடவேளையில் வரும். சேர்ட்டுக் கொலர் கழுத்தில் உரச, தோளில் பை தொங்க, பள்ளிக்கூடம் முடியுமட்டும் நிற்கவேணும். கடலில் விளையாடின உடம்பின் அலுப்பும் அப்படித்தான், இரண்டாம் நாளில்தான் தசைநோ தெரியும்.

அடுத்தது நித்திரை. கடற்கரையில் இரவு 11, 12 மணிவரை கதைத்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரே நாளில் விடிய 5 மணி எழும்பலுக்கு உடம்பைத் திருப்பேலாது. நாளுக்கு 15, 20 நிமிடம் முன்னுக்கு இழுத்தால் நான்கு நாளில் ஒரு மணித்தியாலம் திரும்பும்.

மூன்றாவது, பாடக்குறிப்பு. "வந்து செய்வம்" என்று விட்டுப்போன வேலை கடற்கரையிலும் தலைக்குள் இருக்கும்.

பத்து நாளை இப்படிப் பிரியுங்கோ. 1, 2 ஆம் நாள் இரண்டாந் தவணை விடைத்தாள் திருத்தம். 3, 4, 5 கடல். 6 ஆம் நாள் வீட்டில் சும்மா இருக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது. 7, 8, 9 தவணை வேலை. 10 ஆம் நாள் ஒன்றும் வைக்கவேண்டாம்.

ஓகஸ்ட் 1, இரவு 9.10

கரைந்துபோறதைப் பற்றி நீங்கள் சொன்னதுக்கு மறுமொழி சொல்லாமல் விட்டிட்டன். நீங்கள் சொன்னது உண்மைதான், லீவின் சுகம் கரையும். நெதர்லாந்தில் நீண்ட லீவு எடுத்த ஊழியர்களைப் பார்த்த ஓர் ஆய்வில், உடல்நலமும் மனநிலையும் எட்டாம் நாளளவில் உச்சத்துக்கு வந்து, வேலைக்குத் திரும்பிய முதல் கிழமைக்குள்ளேயே பழைய நிலைக்கு இறங்கின. அப்படியென்றால் கடைசி நாள்வரை கடலில் நின்றாலும் புதன், வியாழனில் சுகம் போயிடும். முதல் கிழமையின் பாரத்தைக் குறைத்தால் மட்டும்தான் அது கொஞ்சம் நின்று பிடிக்கும். அந்தப் பாரத்தைக் குறைக்கிற வேலை லீவின் கடைசி நான்கு நாளில் இருக்கு. அதனால்தான் அந்த நாட்களைக் கடலுக்குக் கொடுக்காதேங்கோ என்கிறேன்.

ஓகஸ்ட் 2, விடிய 6.05

விடைத்தாளுக்கு இரண்டு நாள் என்று எழுதினது பிழை. கணக்குப் பார்ப்பம். மூன்று வகுப்பு, வகுப்புக்கு 40 பிள்ளைகள், 120 விடைத்தாள். கட்டமைப்பு வினாவும் கட்டுரை வினாவும் உள்ள தாளுக்கு 6 நிமிடம் வைத்தால் 720 நிமிடம், அதாவது 12 மணித்தியாலம். புள்ளி கூட்டிப் பதியிறது வேறாக இரண்டு மணித்தியாலம். ஒரு நாளில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் திருத்தினால் புள்ளி வழங்கல் தளம்பும். கடைசித் தாள்களுக்கு ஒன்றில் இறுக்கிப் போடுவம், இல்லையென்றால் அள்ளிப் போடுவம். ஆகவே மூன்று நாள். கடல் 4, 5, 6. தவணை வேலை 8, 9. பத்தாம் நாள் வெறும் நாளாகவே இருக்கட்டும்.

பிள்ளை பிள்ளையாகத் திருத்தாமல் வினா வினாவாகத் திருத்துங்கோ. 40 தாளிலும் முதலாம் வினா, பிறகு 40 தாளிலும் இரண்டாம் வினா. புள்ளித்திட்டம் மனதில் நிற்கும், கை ஓடும். எல்லாரும் ஒரே இடத்தில் விட்ட பிழையும் தெரியும். அந்தப் பிழைகளை அப்போதே ஒரு தாளில் குறித்து வைத்தால் மூன்றாந் தவணையின் முதல் பாடம் தானாக வந்திடும்.

ஓகஸ்ட் 2, பகல் 1.30

எந்தக் கரை என்று தனியே கேட்டிருந்தீர்கள். இந்த மாதத்தில் அதைத் தீர்மானிக்கிறது காற்று.

இப்போது சோளகம். தென்மேற்கிலிருந்து வருது. முல்லைத்தீவு, கள்ளப்பாடு, சிலாவத்தை, அளம்பில் எல்லாம் கிழக்குப் பார்த்த கரை. காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், அதனால் விடியற்புறத்தில் கரையோரக் கடல் அலையடங்கிப் படிந்து கிடக்கும். வாடைக்காலத்தில் இதே கரையில் கால் வைக்கேலாது, கார்த்திகை, மார்கழியில் அலை தரையைத் தின்னும். மேற்குக் கரை இதுக்குத் தலைகீழ். சோளகத்தில் மன்னார்ப் பக்கம் கொந்தளிக்கும், போகவேண்டாம்.

படிந்த கடலில் ஓர் ஆபத்து இருக்கு. காற்று வெளியே தள்ளுது. ரியூப், காற்றடைத்த பந்து, ரப்பர் வளையம் எல்லாம் சில நிமிடத்தில் ஆழத்துக்குப் போகும். அதைப் பிடிக்கப் பிள்ளை நீந்தும், பிள்ளையைப் பிடிக்கத் தகப்பன் நீந்துவார். மிதக்கிற சாமான் கொண்டுபோனால் 8, 10 மீற்றர் நைலோன் கயிறு கட்டி, மறுமுனை இடுப்பளவு தண்ணியில் நிற்கிற பெரியவர் கையில் இருக்கவேணும். கயிறில்லாத பந்து போனால் போகட்டும், வேறு பந்து வாங்கலாம்.

நாயாறு, கொக்கிளாய், நந்திக்கடல் தொடுவாய்களில், அதாவது களப்பு கடலோடு சேருகிற வாய்களில், குளிக்கவேண்டாம். வாய் திறந்திருந்தால் வற்றுப்பெருக்கோடு நீரோட்டம் இழுக்கும். அடைபட்டிருந்தாலும் மணல் இளகலாக இருக்கும், முழங்காலளவில் நடந்துபோக அடுத்த அடி கழுத்தளவு வரும். திறந்த கரையில் நீரோட்டம் வெளியே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, இழுவை விட்டபிறகு உள்ளே திரும்பவேணும். நீந்தத் தெரியாதவர் மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்டவேணும்.

ஓகஸ்ட் 2, பின்னேரம் 6.40

மன்னார் ரீச்சர் ஒருவர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்றதுதான் சரி. மேற்குக் கரை முழுவதும் கொந்தளிக்கும் என்று நான் எழுதினது பிழை. மன்னார்த் தீவுக்கு இரண்டு முகம் இருக்கு. தெற்கு முகம் மன்னார் வளைகுடாவைப் பார்க்குது, சோளகத்தில் அடி முழுக்க அதுக்குத்தான். வடக்கு முகம் பாக்கு நீரிணையைப் பார்க்குது, தீவே காற்றுக்குக் குறுக்கே கிடக்கிறதால் பேசாலைப் பக்கம் கடல் அடங்கி இருக்கும். நீரும் ஆழமில்லை, நெடுந்தூரம் நடக்கலாம். வவுனியா, செட்டிகுளம், மடு ஆட்களுக்கு ஏ14 வழியே அதுதான் கிட்ட.

ஆனால் ஓகஸ்ட் 15 மடுத்திருவிழா. அதுக்கு முந்தின நாட்களில் அந்தப் பாதையில் சனம் நிரம்பும், மன்னாரில் அறை எடுக்கிறதும் கஷ்டம். 12 இலிருந்து 16 வரை விட்டிட்டுத் திட்டமிடுங்கோ. திருவிழாவுக்கே போறதென்றால் அது வேறு கதை.

ஓகஸ்ட் 2, இரவு 9.25

இதை முதலிலேயே எழுதியிருக்கவேணும். முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் கரைகளில் 2009 இல் நடந்ததை வன்னி ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த மணலில் பாட்டுப்பெட்டி போட்டுக் கும்மாளம் அடிக்கவேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் நின்று, அமைதியாகப் பார்த்து, கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்லி வரலாம். குளிப்பும் விளையாட்டும் வேறு கரையில்.

ஆள் நடமாட்டமில்லாத பற்றைப் பாதைகளில் இறங்கவேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை அல்லது எல்லை நாடா கண்டால், வந்த காலடியிலேயே திரும்பவேணும். துருப்பிடித்த இரும்பு எதுவென்று தெரியாவிட்டால் தொடாமல், உதைக்காமல், இடத்தை அடையாளம் வைத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கோ. கனமழைக்குப் பிறகு மண் அரித்துப் புதிதாகத் தெரிகிற சாமானும் உண்டு, "போன வருசம் வந்த பாதைதானே" என்று நினைக்கவேண்டாம்.

ஓகஸ்ட் 3, காலை 7.15

வெயில். ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும். இந்த மாதம் முழுவதும் மத்தியான நிழல் காலடியிலேயே கிடக்கும், தொப்பி போட்டாலும் தோள் மாட்டும். மணல் புற ஊதாவில் 15 வீதமளவைத் திருப்பி அடிக்கும், அலை நுரை 25 வீதமளவு. ஓலைக் கொட்டிலுக்குக் கீழே இருந்தும் முகம் கறுக்கிறது அதனால்தான். கடல் நேரம் விடிய 6 இலிருந்து 8.30 வரை, பிறகு பின்னேரம் 4 மணிக்குப் பிந்தி. இடையில் சாப்பாடு, நித்திரை, புத்தகம்.

சன்ஸ்கிறீன் கிறீம் வாங்கினால் எஸ்.பி.எஃப் 30 அல்லது கூட. வளர்ந்தவரின் முழு உடம்புக்கு ஒரு தடவைக்கு 30 மில்லிலீற்றர் வேணும். சின்னப் போத்தல் ஒன்றை நான்கு பேர் மூன்று நாள் பூசினால் ஒருவருக்கும் காப்பில்லை. அவ்வளவு வாங்கக் கட்டாதவர்கள் முழுக்கைச் சேர்ட்டோடு குளித்து, முகம், கழுத்து, காது, புறங்கால் ஆகியவற்றுக்கு மட்டும் பூசலாம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் காணும். வெயிலுக்குப் போக 15 நிமிடத்துக்கு முன் ஒருக்கா, பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, தண்ணியிலிருந்து ஏறித் துடைத்தவுடன் ஒருக்கா.

எரிந்திட்டால் குளிர்ந்த தண்ணித் துணி, நிறையக் குடிநீர், உரசாத பருத்தி உடுப்பு. பற்பசை, எண்ணெய், ஐஸ்கட்டி ஒன்றும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கக்கூடாது.

குடிநீர் ஆளுக்கு நாளுக்கு 3 லீற்றர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கோ. கரையோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கும். ஜீவனி (தண்ணியில் கரைத்துக் குடிக்கிற நீரிழப்பு உப்புக்கலவை) இரண்டு பைக்கற் வைத்திருங்கோ. ஒரு பைக்கற் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணிக்கு. அரைவாசியைக் கிளாசில் கொட்டிக் கலக்கிறது பிழை, உப்பு மிஞ்சிப் பிள்ளைக்குக் கூடாது.

ஓகஸ்ட் 3, காலை 7.40

உப்புக் கழுவக் குளத்தில் இறங்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். வன்னிக் குளங்களில் முதலை இருக்கு, கோடையில் தண்ணி வற்ற ஓரம் ஓரமாக வரும். கிணற்றடியில் இரண்டு வாளி போதும்.

ஓகஸ்ட் 3, பகல் 12.20

கடி, குத்து. சொறிமுட்டை (ஜெல்லிமீன்) பட்டால் மணலால் தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணியும் ஊற்றக்கூடாது. தோலில் ஒட்டின வெடிக்காத நச்சுக்கலங்கள் நல்ல தண்ணி பட வெடிக்கும். கடல்தண்ணியால் கழுவி, நூலை வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுத்து, பிறகு பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணி வைக்கலாம். மூச்சுத் திணறினால், முகம் வீங்கினால் நேரே ஆஸ்பத்திரி.

திருக்கை முள்ளு குத்தினாலும் சூட்டுத் தண்ணிதான். அதன் நஞ்சு சூட்டில் சிதையும். 45 பாகைக்கு மேல் போகாமல், முதலில் குத்துப்படாத காலை வைத்துச் சூடு பார்த்து, 30 தொடக்கம் 90 நிமிடம் அமிழ்த்தி வையுங்கோ. முள்ளு உள்ளே முறிந்திருக்கலாம், ஏற்பூசியும் (ரெற்றனஸ் ஊசி) தேவை, ஆகவே நோ குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். குத்து வாங்காமல் இருக்க, கலங்கல் தண்ணியில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடக்கலாம். அதிர்வுக்குத் திருக்கை விலகும்.

காதுக்குள் தண்ணி போனால் தலையைச் சரித்து, காதுமடலை மெல்ல இழுத்து வடிய விடுங்கோ. பஞ்சுக்குச்சி போட்டால் காதுத்துவாரம் உரஞ்சும், இரண்டு மூன்று நாளில் சீழ்பிடிக்கும். காதை இழுக்க நோகுது என்றால் அது வெளிக்காதுத் தொற்று, துளிமருந்து வேணும். காதடைப்போடு வகுப்பில் நிற்கிறவர் தன்னை அறியாமல் கத்திக் கதைப்பார், அதில் தொண்டையும் போகும்.

ஓகஸ்ட் 3, இரவு 8.00

தொண்டை என்று எழுதினவுடன் கனபேர் அதையே கேட்டிருக்கிறார்கள். கேட்கவேண்டிய விசயம்தான். ஆசிரியருக்குத் தவணையின் முதல் கிழமையில் முதலில் கெடுகிறது குரல்.

பத்து நாள் மெல்லக் கதைத்த குரல்நாண், திங்கள் திடீரென்று பாடவேளை ஐந்து, ஆறு, அதோடு பின்னேர வகுப்பு இரண்டு மணித்தியாலம் என்று உழைக்குது. லீவில் ஓடாத கால் முதல் நாள் ஐந்து மைல் ஓடினமாதிரி. மூன்றாம் நாள் குரல் அடைக்கும். அடைத்ததை வெல்லத் தொண்டையைச் செருமுவம், செருமல் நாண்களை ஒன்றோடொன்று அடிக்கும், வீக்கம் கூடும். குசுகுசுத்துக் கதைக்கிறதும் பலருக்கு நாணை இறுக்குது. செருமல் வந்தால் ஒரு மிடறு தண்ணி விழுங்குங்கோ. கதைக்கவேணும் என்றால் மெல்லிய, இயல்பான குரலில் கதையுங்கோ.

லீவின் கடைசி நான்கு நாளும் இதைச் செய்யுங்கோ. ஒரு கிளாசில் மூன்று விரல்கிடைத் தண்ணி. அதில் ஸ்ரோவின் நுனி 2, 3 சென்ரிமீற்றர் அமிழவேணும். உதட்டை இறுக மூடி, "ஊ" என்று குரல் கொடுத்தபடி குமிழி விடவேணும். கன்னத்தைப் புடைக்கவிடவேண்டாம். முதலில் ஒரே சுருதி, பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிறது. ஒரு தடவைக்கு 3 இலிருந்து 5 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. வாயை ஒடுக்கும்போது உள்ளே திரும்பும் அழுத்தம் நாண்கள் அடிபடாமல் அதிர உதவுது. குமிழி சீராக வராமல் விட்டு விட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை என்று அர்த்தம். தொண்டை இறுகினால் நிற்பாட்டி ஸ்ரோவை கொஞ்சம் மேலே எடுங்கோ.

பள்ளிக்கூடத்தில் ஒரு லீற்றர் போத்தல் மேசையில் இருக்கவேணும், பாடவேளைக்கு நான்கைந்து மிடறு. இடைவேளையில் 10 நிமிடம் வாயே திறக்காமல் இருங்கோ, ஆசிரியர் அறையில் அதுதான் கஷ்டமான வேலை. கரும்பலகையை உலர்ந்த டஸ்ரரால் தட்டாமல், ஈரத் துணியால் மேலிருந்து கீழே துடையுங்கோ. எழுதிக்கொண்டே சுவரைப் பார்த்துக் கதைக்கவேண்டாம். கதைக்கிறதென்றால் திரும்பி, கடைசி வாங்கைப் பார்த்து.

குரலடைப்பு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கோ, கசாயத்தோடு காலம் கடத்தவேண்டாம்.

ஓகஸ்ட் 4, விடிய 5.50

முதலாம் நாள் எழுதின நித்திரைக் கணக்கில் ஒரு குறை. முன்னுக்குப் படுக்கிறதை மட்டும் சொன்னேன். படுத்தாலும் நித்திரை வராது. எழும்பும் நேரத்தைத்தான் முதலில் இழுக்கவேணும், எழும்பினவுடன் வெளிச்சத்தில் 20 நிமிடம் நிற்கவேணும், முற்றம் கூட்டினாலும் சரி. பகல் நித்திரை 20 நிமிடத்தோடு முடியட்டும். தேத்தண்ணி பின்னேரம் 4 மணியோடு நிற்கட்டும். இரவு நித்திரை தானாக முன்னுக்கு வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து விடிய பஸ் எடுத்து வன்னிக்கு வாறவர்களுக்கு எழும்பும் நேரம் 4 மணியாக இருக்கலாம். அவர்கள் நான்கு நாள் போதாது, ஆறு நாள் முன்னுக்குத் தொடங்கவேணும்.

ஓகஸ்ட் 4, பகல் 2.10

இப்போது தவணை வேலை. 8, 9 ஆம் நாளில் என்ன செய்யிறது என்று கேட்டிருந்தீர்கள். இதில்தான் கொஞ்சம் நீளமாக எழுதப்போறேன்.

வன்னியில் மூன்றாந் தவணை இரண்டு துண்டு. ஒக்ரோபர் நடுப்பகுதிவரை வறட்சி, அதுக்குப் பிறகு மாரி. முதல் துண்டின் ஒரு கிழமையும் இரண்டாம் துண்டின் ஒரு கிழமையும் ஒரே நீளமில்லை. காலபோக (மாரிகால நெல்) விதைப்புத் தொடங்க விவசாயக் குடும்பப் பிள்ளைகளின் வரவு விழும். மழை பிடிக்க உள்பாதைகள் அறுக்கும். குளங்கள் வான் பாய்ந்தால் பள்ளிக்கூடமே முகாமாக மாறும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை மறக்கேலாது. 2024 நவம்பர் கடைசியில் மழையால் ஏ.எல் பரீட்சையையே இடைநிறுத்தினார்கள், 2025 இலும் டித்வா புயலோடு அதே நிலை. இது வரலாம் என்று வைத்துத் திட்டமிடவேணும்.

கணக்கு இப்படி. தவணை 14 கிழமை, உங்கள் பாடம் கிழமைக்கு 5 பாடவேளை என்று வைத்தால் 70. தவணைப் பரீட்சைக்கு இரண்டு கிழமை கழிக்க 60. போயா, தீபாவளி, கூட்டம், மழை எல்லாத்துக்கும் ஆறில் ஒன்று கழிக்க 50. அந்த 50 இல் 32 ஐ ஒக்ரோபர் நடுப்பகுதிக்கு முன் முடிக்கவேணும். புதிய அலகு, விளங்கக் கடினமான அலகு, செய்முறை எல்லாம் முன்பாதி. மீட்டல், கடந்தகால வினாத்தாள், சின்ன அலகு பின்பாதி. ஆசிரியர் வழிகாட்டியின் ஒழுங்கை மாற்ற முன் அதிபரிடமும் பாட ஆலோசகரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ. ஒன்றில் ஒன்று தங்கியிருக்கிற அலகுகளைப் பிரிக்கவேண்டாம்.

விஞ்ஞானத்தில் காலநிலை செய்முறையையே தீர்மானிக்குது. நிலைமின் பரிசோதனை வறட்சியில் செய்யவேணும். பிளாஸ்ரிக் அடிமட்டத்தைத் துணியில் உரஞ்சிக் கடதாசித் துண்டை இழுக்கிறது செப்ரெம்பரில் 40 பிள்ளைக்கும் சரிவரும். மாரியில் ஈரக்காற்றுப் படலம் மின்னேற்றத்தை உடனே கசியவிடும், ஒருவருக்கும் வராது, பிள்ளை பாடத்தையே நம்பாது. ஆவியாதல், பளிங்காக்கல் எல்லாமும் இப்போதே.

இன்னுமொன்று, தகரக் கூரை வகுப்புகளில் பெருமழை பெய்தால் குரலால் வெல்லேலாது. அதுக்கென்றே "மழைத்தாள்" செய்து வையுங்கோ. அலகுக்கு இரண்டு பக்கம், வாசித்து எழுதக்கூடிய வேலை, 25 நிமிடத்துக்குக் காணுமளவு. வகுப்புக்கு 45 பிரதி, பிளாஸ்ரிக் கோவையில் போட்டு நிலத்திலிருந்து உயரமாக. மின்சாரம் அடிக்கடி நிற்கும் மாதங்கள் என்பதால் போட்டோக்கொப்பியை ஓகஸ்டிலேயே எடுங்கோ. இரண்டு நாளில் ஆறு அலகுக்குச் செய்தால் போதும், மிச்சத்தைச் சனிக்கிழமைகளில் செய்யலாம்.

முதல் கிழமைப் பாடத்தையும் இப்போதே எழுதிவிடுங்கோ. திங்களும் செவ்வாயும் உங்கள் பேச்சு பாடவேளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் போகாமல். விடைத்தாளைத் திருப்பிக்கொடுத்து, நீங்கள் குறித்து வைத்த பொதுப்பிழைகளைப் பிள்ளைகள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து திருத்தட்டும். புதிய பாடம் புதனிலிருந்து. ரியூசன் வகுப்பை முடிந்தால் இரண்டாம் கிழமையில் தொடங்குங்கோ. முடியாவிட்டால் முதல் கிழமை அரை நேரம், எழுத்துவேலை.

ஓகஸ்ட் 4, இரவு 7.30

மேலே முன்பாதிக்கு 32 என்று எழுதினது 14 கிழமைத் தவணைக்கு. கல்வி வலயத்தின் நாட்காட்டியில் கிழமைகள் குறைந்தால் எண்ணும் குறையும், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை முன்பாதிக்கு வைக்கிற விகிதத்தை மட்டும் பிடியுங்கோ. ஐந்தாம் ஆண்டு ஆசிரியர்களுக்கு இது பொருந்தாது. புலமைப்பரிசில் பரீட்சைத் திகதி அண்மைய ஆண்டுகளில் மாறி மாறி வந்திருக்கு, அவர்கள் அந்தத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணவேணும்.

ஓகஸ்ட் 5, காலை 8.00

மோட்டார் சைக்கிளில் போறவர்களுக்கு: கரையில் நின்ற வண்டியைக் கழுவாமல் விட்டால் தவணையின் நடுவில் செயின் பழிவாங்கும். வீடு வந்த அன்றைக்கே நல்ல தண்ணியால் கழுவுங்கோ, பீச்சியடிக்கிற குழாயைச் சில்லுப் பெயாரிங்கில் பிடிக்கவேண்டாம். செயினை மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கியால் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்தபிறகு கியர் ஒயில். மணலுக்கு மேல் ஒயில் விட்டால் அது அரைக்கும் பசையாகும். தளர்வு பொதுவாக 20, 30 மில்லிமீற்றர், உங்கள் வண்டியின் கைநூலைப் பாருங்கோ. கழுவினவுடன் மெதுவாக ஓடி, பிறேக்கை இலேசாகப் பிடித்துப் பிடித்து ட்ரம்மைக் காயவையுங்கோ. ஸ்கூட்டி வைத்திருக்கிற ரீச்சர்மார் நம்பர் பிளேட் ஆணி, சைட் ஸ்ராண்ட் ஸ்பிறிங் இரண்டையும் பாருங்கோ, உப்பு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

ஓகஸ்ட் 5, பின்னேரம் 4.45

கேட்டவர் திட்டத்தை 4, 5, 6 ஆம் நாளுக்கு மாற்றியிருக்கிறார், நல்லது. அவருடைய புதுக் கேள்வி: கடலிலிருந்து வகுப்புக்கு ஏதும் கொண்டுவரலாமா?

கட்டாயம். கடல்தண்ணி. ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கு, அதில் 27 கிராமளவு சோடியம் குளோரைட்டு. ஆனையிறவு உப்பளத்தை ஏ9 இல் பஸ்ஸிலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு அந்த உப்பு எந்த ஒழுங்கில் படியுது என்று காட்டலாம். துணியில் வடித்த 500 மில்லிலீற்றரை அகன்ற எவர்சில்வர்த் தட்டில் வெயிலில் வையுங்கோ, மேலே நுளம்புவலை. முதலில் அரைவாசியளவில் கல்சியம் காபனேற்று, கண்ணுக்குத் தெரியாத அளவு. ஐந்தில் ஒன்றாக வற்ற ஜிப்சம் வெண்படலமாகத் தெரியும். பத்தில் ஒன்று, அதாவது 50 மில்லிலீற்றரளவில், உப்புப் பளிங்கு சதுரம் சதுரமாக வரும். கடைசியில் மிஞ்சும் கைப்பான நீரில் மக்னீசிய உப்புகள், அதை ஊற்றிவிட்டுப் பளிங்கை மட்டும் எடுக்கவேணும். அதனால்தான் உப்பளத்தில் முழுக்க வற்றவிடுவதில்லை. நல்ல வெயிலில் இரண்டு, மூன்று நாள் பிடிக்கும். விளக்கில் காய்ச்சினால் கடைசிக் கட்டத்தில் தெறிக்கும், கண்ணாடி போடாமல் செய்யவேண்டாம்.

கொக்கிளாய்ப் பக்கம் போனால் ஒரு கைப்பிடி கறுப்பு மணலும் எடுங்கோ. புல்மோட்டை வரை நீளும் இல்மனைற்று மணல் அது. சாதாரண காந்தத்துக்குப் பெரும்பாலும் அசையாது, பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றின காந்தத்துக்குக் கறுப்பு மணிகள் எழும்பும். காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பிடிக்கவேணும், இல்லாவிட்டால் மணலைக் கழற்றேலாது. பவளக்கல்லில் கை வைக்கவேண்டாம், சட்டத்தில் தடை.

ஓகஸ்ட் 5, இரவு 9.15

கடல்தண்ணிக்கு 5 லீற்றர்க் கான் கொண்டுபோகவா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை, சேர். இரண்டு லீற்றர் போதும், நான்கு குழுவுக்கு 500 வீதம். அலை உடைகிற இடத்தில் அள்ளினால் மணல் கலங்கும், இடுப்பளவில் நின்று போத்தலைக் கவிழ்த்து அமிழ்த்தி உள்ளே திருப்புங்கோ. தொடுவாய்க்குக் கிட்ட எடுக்கவேண்டாம், களப்புத் தண்ணியின் உப்பளவு வேறு, கணக்குப் பிழைக்கும். போத்தலில் எடுத்த இடமும் திகதியும் எழுதி, வீட்டில் ஒருவரும் குடிக்காத இடத்தில் வையுங்கோ. பத்தாம் நாள் அதைத் தொடவேண்டாம். செவ்வாய் பிள்ளைகளே வடிகட்டட்டும்.